மீன்குளத்தின் எதிரிகள்

காவிரிப் படுகையில் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை இனங்களைக் கூட்டாக வளர்க்கும் குளங்களில் அறுவடை குறைந்துபோனால், கரையோர மரத்தில் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும் நீர்க்காகத்தின்மீதே முதலில் பழி விழுகிறது. அப்பழி முற்றிலும் பொய்யன்று; ஆயினும் குளத்துக்கு நேரும் சேதம் பெரும்பாலும் அதற்கு வெகு முன்பே, நாற்றங்கால் குளத்தின் கலங்கிய நீருக்குள், எவர் கண்ணிலும் படாமல் தொடங்கிவிடுகிறது.

முட்டையிலிருந்து வெளிவந்து மூன்று, நான்கு நாள்களே ஆன, ஏறத்தாழ 6 முதல் 8 மில்லிமீட்டர் நீளமுள்ள நுண்மீன்குஞ்சுகள் ஹெக்டேருக்கு 30 முதல் 50 லட்சம் வரை நாற்றங்காலில் விடப்படுகின்றன. இவற்றுக்கு எதிரிகள் மல்லாந்து நீந்தும் பூச்சிகள், நீர்த்தேள், நீர் வண்டுகளின் புழுக்கள், தட்டான்களின் இளம்பருவங்கள் ஆகியவையே. இப்பூச்சிகளுள் பல நீருக்குள் வாழ்ந்தாலும் காற்றைச் சுவாசிப்பவை என்பதால், அடிக்கடி மேற்பரப்புக்கு வந்தே தீரவேண்டும்; அவற்றை ஒழிக்கும் சோப்பு எண்ணெய்க் கரைசல் இந்த ஒரு பலவீனத்தையே பயன்படுத்துகிறது. ஹெக்டேருக்கு 56 கிலோ மலிவான தாவர எண்ணெயை 18 கிலோ சலவைச் சோப்புடன் கலந்து, குஞ்சு விடுவதற்கு முந்தைய நாளில் நீர்ப்பரப்பில் தெளித்தால், மெல்லிய எண்ணெய்ப் படலம் பூச்சிகளின் சுவாசத் துளைகளை அடைத்துவிடும். காற்று வீசும் நாளில் இப்படலம் ஒரு கரைக்கு ஒதுங்கி, செலவு முழுவதும் வீணாகும். செவுள்வழி நீரிலிருந்தே உயிர்வளி பெறும் தட்டானின் இளம்பருவத்துக்கோ எண்ணெய் ஒரு பொருட்டே அன்று. அதைச் சிறுகண் வலையால் அரித்தெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்த எதிரி மீனே. விரால், வாளை, கெளுத்தி முதலிய ஊனுண்ணி மீன்கள் வாய்க்கால் நீருடன் குஞ்சுகளாக நுழைந்து, பண்ணை மீனோடு பண்ணை மீனாக வளர்ந்து, அதையே தின்று கொழுக்கின்றன. மடைவாயில் சிறுகண் வலைப்பை கட்டுவது முதற் காவல் என்றாலும், காற்றையும் சுவாசிக்கவல்ல விரால், நீர் வற்றிய பின்னரும் ஈரச் சேற்றில் உயிர் தரித்திருக்கும் ஆதலின், குளத்தின் அடித்தரை பாளம் பாளமாக வெடிக்கும்வரை காயவிடுவது அவசியமாகிறது. அவ்வாறு காயவைக்க இயலாத குளங்களுக்கு இலுப்பைப் புண்ணாக்கு உதவுகிறது: அதிலுள்ள சப்போனின் என்னும் நுரைக்கும் பொருள் செவுள்வழி உட்புகுந்து மீனின் சிவப்பணுக்களைச் சிதைக்கிறது. ஹெக்டேருக்கு ஏறத்தாழ 2,500 கிலோ இடப்பட்டால் நச்சு மூன்று வாரங்கள்வரை நிற்கும்; அதன்பின் அதே புண்ணாக்கு மட்கி, மீனுணவாகும் நுண்ணுயிர்களைப் பெருக்கும் உரமாகிவிடும். கொல்வதும் வளர்ப்பதும் ஒரே மூட்டையில் கிடைப்பதாலேயே, விரைவாக வேலை செய்யும் பிளீச்சிங் பவுடர் வந்த பிறகும் புண்ணாக்கின் மதிப்பு குறையவில்லை எனலாம்.

பறவைகளைப் பொறுத்தவரை, அவற்றின் வேட்டை முறையை அறிந்துகொள்வதே பாதிக் காவல். கொக்கும் நாரையும் கால் ஊன்றி நின்று குத்துபவை. எனவே கரைச்சரிவு செங்குத்தாகவும் ஓர நீர் ஆழமாகவும் இருந்தால் அவற்றுக்கு நிற்க இடமிராது. நீர்க்காகமோ மூழ்கித் துரத்துவது. அதற்கு ஆழம் தடையாகாது, ஆனால் இரையின் அளவு தடையாகும். தானே அரைக் கிலோ அளவே எடையுள்ள சிறு நீர்க்காகத்தால் கால் கிலோ மீனை விழுங்க முடியாது. ஆந்திரத்தில் குஞ்சுகளை ஓராண்டு நெருக்கமாக வைத்திருந்து, 100 கிராமுக்குமேல் ஆன பின்னரே பெருங்குளத்தில் விடும் வழக்கம் வேகமான வளர்ச்சிக்காகத் தோன்றியதே. ஆயினும், பறவைக்கு இரையாகும் பருவத்தை வலைமூடிய சிறுகுளத்திலேயே கழித்துவிட அது வகைசெய்கிறது. அத்தகைய சிறுகுளங்களின் மேல் கட்டும் வலை தடித்த நூலால், தொய்வின்றி இருத்தல் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நைலான் வலையில் பறவைகள் சிக்கி மடியும், கரையில் கிடந்தால் தண்ணீர்ப்பாம்பும் மாட்டிக்கொள்ளும். பொம்மை, தகரத் தட்டு, வெடி ஆகியவற்றுக்குப் பறவைகள் சில நாள்களிலேயே பழகிவிடுகின்றன. ஆகவே இடமும் வகையும் மாற்றப்படாத எந்த மிரட்டலும் வெறும் அலங்காரமே.

விடியற்காலையில் கொக்குகள் வழக்கத்துக்கு மாறாகக் கூட்டமாக இறங்கினால், அவற்றை விரட்டுவதற்கு முன் நீரைப் பார்ப்பது நல்லது. இரவெல்லாம் பாசியும் மீனும் உயிர்வளியைச் செலவழித்துவிடுவதால், அந்நேரத்தில் மூச்சுத்திணறி மேற்பரப்பில் வாய்திறக்கும் மீன்கள் எளிய இரையாகின்றன. அங்கு தேவைப்படுவது வெடியன்று, காற்றூட்டி இயந்திரம் அல்லது புதுநீர்.

ஆற்றை ஒட்டிய பண்ணைகளுக்கு மட்டும் நீர்நாய் ஒரு தனிச் சிக்கல். குடும்பமாக வேட்டையாடும் இவ்விலங்கு, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ மீன் தின்னக்கூடியது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 இதைக் கொல்வதையும் பொறிவைத்துப் பிடிப்பதையும் தடைசெய்வதால் வேலியே வழி. நீர்நாய் தோண்டும், ஏறவும் செய்யும் ஆகையால், கம்பிவலையின் அடிப்பகுதியை மண்ணுக்குள் புதைத்து, மேல்விளிம்பை வெளிப்புறமாக வளைத்துவிட வேண்டும். வீட்டு மின்இணைப்பிலிருந்து நேரடியாக மின்சாரம் பாய்ச்சும் வேலி சட்டவிரோதமானது. இரவில் கரையில் நடமாடும் காவலாளியின் உயிருக்கும் அது உலைவைக்கும்.