செலீனியம் மாத்திரைகளும் புற்றுநோயும்

செலீனியம் உடலுக்கு மிகச் சிறிய அளவில் தேவைப்படும் சுவடுத் தனிமம் ஆகும். தானியம், மீன், முட்டை, இறைச்சி ஆகியவற்றில் இது உள்ளது. பயிரில் சேரும் அளவு விளையும் மண்ணைப் பொறுத்தது. வயதுவந்தோருக்கு நாளொன்றுக்கு 55 மைக்ரோகிராம் என்பது அமெரிக்கப் பரிந்துரை. உயிரணுக்களை ஆக்சிசனேற்றச் சிதைவிலிருந்து காக்கும் சில நொதிகள் இயங்க இது வேண்டும். ஆகவே புற்றுநோயையும் தடுக்கக்கூடும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது.

1996-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று அந்த எதிர்பார்ப்பை வளர்த்தது. தோல் புற்றுநோய் வந்திருந்த 1,312 பேரில் ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் 200 மைக்ரோகிராம் செலீனியமும், மற்றவர்களுக்கு மருந்துப்போலியும் தரப்பட்டன. தோல் புற்றுநோய் மீண்டும் வருவது குறையவில்லை. ஆனால் செலீனியம் உட்கொண்டவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் வெகுவாகக் குறைந்திருந்தது. ஆய்வு தேடிச் சென்ற வினாவுக்கு இது விடையன்று. வழியில் கிடைத்த குறிப்பு மட்டுமே.

அக்குறிப்பைச் சோதிக்கவே 2001-இல் 'செலக்ட்' ஆய்வு தொடங்கப்பட்டது. அமெரிக்கா, கனடா, புவேர்ட்டோ ரிக்கோ ஆகிய இடங்களில் 35,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் பங்கேற்றனர். செலீனியம், உயிர்ச்சத்து ஈ, இரண்டும் சேர்த்து, மருந்துப்போலி என நான்கு பிரிவுகள். பயன் ஏதும் தெரியாததால் 2008-இல் மாத்திரைகள் நிறுத்தப்பட்டன. ஆனால் கண்காணிப்பு தொடர்ந்தது. உயிர்ச்சத்து ஈ மட்டும் உட்கொண்டவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17% கூடியிருந்தது 2011-இல் தெரியவந்தது. தொடக்கத்தில் சேகரித்த கால்நகத் துண்டுகளில் செலீனிய அளவை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட முடிவு இன்னும் கவலைக்குரியது: ஏற்கெனவே போதிய செலீனியம் இருந்தவர்கள் மேலும் உட்கொண்டபோது, தீவிர வகைப் புராஸ்டேட் புற்றுநோய்க்கான இடர் ஏறத்தாழ இருமடங்கானது.

சீனாவின் லின்சியன் பகுதியில் வேறுவிதமான முடிவு கிடைத்தது. ஊட்டக்குறைவு பரவலாக இருந்த அங்கு, செலீனியம், பீட்டா கரோட்டீன், உயிர்ச்சத்து ஈ மூன்றும் சேர்த்துத் தரப்பட்டபோது புற்றுநோய் இறப்புகள் 13% குறைந்தன. மூன்றில் எது பயன் தந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. எனினும் குறை உள்ள உடலும் நிறைவான உடலும் ஒரே மாத்திரைக்கு ஒரே விதமாக எதிர்வினையாற்றுவதில்லை என்பதற்கு இவ்விரு ஆய்வுகளும் நல்ல சான்று.

செலீனியத்தின் மேல்வரம்பு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் எனக் கொள்ளப்படுகிறது. தொடர்ந்து மிகுந்தால் முடி உதிரும், நகம் உடையும், மூச்சில் பூண்டு வாடை வீசும். 2008-இல் அமெரிக்காவில், குறிப்பிட்ட அளவைப்போல் சுமார் 200 மடங்கு செலீனியம் தவறுதலாகச் சேர்ந்த நீர்மச் சத்து மருந்தொன்றால் 201 பேர் பாதிக்கப்பட்டனர்.