எதைத் துரத்தினார் கேப்டன் மேன்டெல்?

1948 ஜனவரி 7. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், ஃபோர்ட் நாக்ஸ் முகாமை ஒட்டிய காட்மன் விமானதளத்துக்கு நெடுஞ்சாலைப் போலீஸிடமிருந்து ஒரு தகவல் வந்தது. வானத்தில் வட்டமாக ஏதோ தெரிகிறதாம். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்களும் பார்த்தார்கள். வெள்ளையாக ஒன்று நின்றது. இன்னதென்று சொல்ல யாராலும் முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து நான்கு எஃப்-51 மஸ்டாங் விமானங்கள் அவ்வழியே வந்தன. ஜார்ஜியாவிலிருந்து லூயிவில்லுக்கு விமானங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சாதாரண வேலை அவர்களுக்கு. தலைமை தாங்கிய தாமஸ் மேன்டெலுக்கு வயது 25, நார்மண்டியில் பறந்தவர். போய்ப் பார்த்துவரச் சொன்னது கோபுரம். ஒரு விமானம் விலகிக்கொள்ள, மூன்று மேலேறின. உயரப் பறக்கும் திட்டமே இல்லாததால் ஆக்சிஜன் ஏற்பாடு போதவில்லை. 22,000 அடியை ஒட்டி மற்ற இருவரும் திரும்பிவிட்டார்கள். மேன்டெல் ஏறிக்கொண்டே போனார். உலோகம் போலிருக்கிறது, மிகப் பெரியது என்று அவர் ரேடியோவில் சொன்னதாகப் பதிவு. அன்று பிற்பகலே அவருடைய விமானம் ஃபிராங்க்ளின் ஊருக்கு அருகே விழுந்து நொறுங்கியது.

‘பறக்கும் தட்டு’ப் பேச்சு கிளம்பி ஏழு மாதம்கூட ஆகவில்லை. கேட்கவா வேண்டும்? தட்டுதான் சுட்டு வீழ்த்தியது என்று வதந்தி பறந்தது. விமானப்படையோ வெள்ளி கிரகம் என்றது. பட்டப்பகலில் வெள்ளியை, இருக்குமிடம் தெரிந்து தேடினாலே பிடிப்பது கஷ்டம்! இதற்கு அந்த வதந்தியே தேவலை.

சாவுக்கான காரணத்தில் மர்மம் இல்லை. 25,000 அடியில் காற்றழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் குறைவு. ஆக்சிஜன் முகமூடி இல்லாதவர் அங்கே தெளிவோடு செயல்பட மூன்று முதல் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். கொடுமை என்னவென்றால், பலருக்கு மூச்சுத் திணறுவதே இல்லை. கள் உள்ளே போனதுபோல ஒரு மிதப்பு வரும். ஆபத்தை உணர்த்த வேண்டிய மூளையே முதலில் மங்கிவிடும்.

அப்படியானால் மேலே நின்றது எது? பெரும்பாலும் ஸ்கைஹுக் பலூன். காஸ்மிக் கதிர் ஆராய்ச்சிக்காக அமெரிக்கக் கடற்படை 1947-இல் ரகசியமாகப் பறக்கவிடத் தொடங்கியவை அவை. மெல்லிய பாலிதீன் பை, உள்ளே ஹீலியம்; விரிந்தால் 30 மீட்டர் அகலம், எட்டும் உயரம் 30 கிலோமீட்டர். வெயில் பட்டால் உலோகம் போல ஜொலிக்கும். மஸ்டாங்கோ 13 கிலோமீட்டரைக்கூடத் தாண்டாது. ஆனால் வெறும் வானத்தில் தொலைவைக் கணிக்கக் கண்ணுக்கு எந்தப் பிடியும் இல்லை. 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் 30 மீட்டர் பலூனும், ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு மீட்டர் பலூனும் ஒரே அளவாகத்தான் தெரியும். எட்டவே முடியாத ஒன்றை எட்டிவிடலாம் என்று அவர் நம்பியதில் வியப்பில்லை.

பறக்கும் தட்டுகள் பற்றிய விமானப்படையின் ‘புளூ புக்’ விசாரணைக்குத் தலைமை வகித்த எட்வர்ட் ரப்பெல்ட்டும் பின்னாளில் பலூன் பக்கமே சாய்ந்தார்; ஐயமற நிரூபிக்க அவராலும் முடியவில்லை. பலூன் ரகசியம் காட்மன் கோபுரத்துக்குத் தெரிந்திருந்தால் மேன்டெலை மேலே அனுப்பும் தேவையே வந்திருக்காது. கடற்படையின் ரகசியத்துக்கும் இந்தச் சாவில் பங்கு உண்டு என்பதே என் கணிப்பு.