வந்தேனா, வந்திருக்கிறேனா?

ரயிலே ஓடாத இந்த அந்தமான் தீவில் ரயில்வே இன்ஜினியருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. ஓய்வு பெற்று மகன் வீட்டோடு வந்து சேர்ந்தபின், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருவதே என் வேலை.

சென்ற மாதம் பக்கத்து வீட்டுப் பெண், தன் அப்பாவின் தீவுவாசி அட்டைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு வந்தாள். "ஐ லிவ்ட் இன் போர்ட் பிளேர் ஃபார் ட்வென்டி இயர்ஸ்" என்றிருந்தது.

"அப்பா ஊரைவிட்டுப் போய்விட்டாராம்மா?"

"இல்லையே தாத்தா, கடையில்தானே இருக்கிறார்!"

"படிக்கிறவர் போய்விட்டார் என்றுதான் நினைப்பார்."

'ஐ ஹாவ் லிவ்ட்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தோம். இருபது ஆண்டும் இன்றுவரை நீண்டுவிட்டது. பிரசன்ட் பர்ஃபெக்ட் டென்ஸ் என்பது இதுதான்: நேற்று தொடங்கியதையோ நடந்ததையோ இன்றோடு முடிச்சுப் போடுவது.

நம் பிள்ளைகள் தடுமாறக் காரணம் உண்டு. தமிழில் "இருபது வருஷமாக இங்கே இருக்கிறேன்" என்று நிகழ்காலத்திலேயே சொல்கிறோம். இங்கே எங்கும் புழங்கும் இந்தியிலும் அப்படியே. மேலும் இந்தியில் 'ஸே' என்ற ஒரே சொல் கால அளவுக்கும் வரும், தொடங்கிய நாளுக்கும் வரும். ஆங்கிலத்தில் அளவுக்கு 'ஃபார்', தொடக்கத்துக்கு 'சின்ஸ்'. அதனால்தான் "ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் ட்வென்டி இயர்ஸ்" என்ற பிழை பிறக்கிறது.

ஆனால் தமிழே கைகொடுக்கும் இடமும் உண்டு. காலையில் வாசல் நனைந்து கிடந்தால் "மழை பெய்திருக்கிறது" என்கிறோம். மழை விட்டாயிற்று, ஈரம் இருக்கிறது. அந்த 'இருக்கிறது'தான் ஆங்கில 'ஹாஸ்'. என் தொழிலில் சொன்னால், "த ரெயில் ப்ரோக்" என்பது நடந்து முடிந்த செய்தி. பிறகு சரிசெய்தும் இருக்கலாம். "த ரெயில் ஹாஸ் ப்ரோக்கன்" என்றால் தண்டவாளம் உடைந்தே கிடக்கிறது. சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும்!

ஓர் எச்சரிக்கை. "நேற்று வந்திருக்கிறார்" என்று தமிழ் இடம் கொடுக்கும், ஆங்கிலம் கொடுக்காது. நேற்று, போன வருடம், 2004-இல் என்று முடிந்த காலத்தைக் குறிப்பிட்டுவிட்டால் 'ஹாவ்', 'ஹாஸ்' கூடாது, வெறும் இறந்தகாலம்தான்.

மறுநாள் அந்தப் பெண் ஓடி வந்தாள். "தாத்தா, விண்ணப்பம் கொடுத்தாச்சு!"

"ஆங்கிலத்தில் சொல்லு பார்ப்போம்."

"ஹி ஹாஸ் கிவன் இட் எஸ்டர்டே!"

"எஸ்டர்டேயை மட்டும் எடுத்துவிடம்மா," என்றேன்.