தோண்டாத இடத்தின் நிறம்

ஒரு நிலத்தில் எவ்வளவு மாசு கலந்துள்ளது என்பதை அறிய, நிலம் முழுவதையும் தோண்டிப் பார்க்க முடியுமா? முடியாது. சில இடங்களில் மட்டும் மண் எடுத்துச் சோதிப்பார்கள். மற்ற இடங்களின் அளவைக் கணக்கிட்டு மதிப்பிடுவார்கள். இதையே இடைக்கணிப்பு என்கிறோம்.

நெதர்லாந்தில் ஸ்டெய்ன் என்னும் ஊருக்கு அருகே மியூஸ் ஆறு ஓடுகிறது. வெள்ளக் காலங்களில் அந்த ஆறு, உலோகம் கலந்த வண்டலைக் கரையோரம் படியவிட்டது. ஆய்வாளர்கள் அங்கு 155 இடங்களில் மண் எடுத்தனர். ஒரு கிலோகிராம் மண்ணில் இருந்த துத்தநாகம் ஓரிடத்தில் 113 மில்லிகிராம். வேறோர் இடத்தில் 1,839 மில்லிகிராம்! ‘ஆர்’ என்னும் புள்ளியியல் மென்பொருளில் இடைக்கணிப்பைக் கற்பவர்கள் பலர் இந்தத் தரவைக் கொண்டுதான் பழகுகிறார்கள்.

அந்நிலத்தில் ஒருவர் காய்கறி பயிரிட விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய இடத்தில் யாரும் மண் எடுக்கவில்லை. அங்கிருந்து 50 மீட்டர் தொலைவில் துத்தநாகத்தின் அளவு 300. மறுபக்கம் 100 மீட்டர் தொலைவில் 600. சராசரி 450 என்று சொல்லிவிடலாமா? பொதுவாக, அருகில் உள்ள மண்ணே அதிகம் ஒத்திருக்கும். ஆகவே, அருகிலுள்ள புள்ளிக்கு இரு மடங்கு மதிப்புத் தருவோம். 300ஐ இருமுறையும் 600ஐ ஒருமுறையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 400 கிடைக்கும். மென்பொருள் நிலத்தை 40 மீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பல புள்ளிகளைக் கொண்டு இவ்வாறு கணக்கிடும். பிறகு அளவுக்கேற்ப நிறம் தீட்டும்.

இங்கேதான் கவனம் தேவை. எந்த அளவுக்கு எந்த நிறம் என்பதை வரைபவரே தீர்மானிக்கலாம். பலர் மென்பொருள் தரும் நிறங்களை அப்படியே விட்டுவிடுகிறார்கள். சிவப்பு 400இல் தொடங்கினால் அந்தக் காய்கறி நிலம் ஆபத்தானதாகத் தெரியும். 800இல் தொடங்கினால் அதே நிலம் மஞ்சளாகிவிடும். மண் மட்டும் மாறவே இல்லை!

இன்னொரு சிக்கலும் உண்டு. அளந்த இடமும் மதிப்பிட்ட இடமும் ஒரே மாதிரி நிறத்தில் கலந்துவிடும். அதனால், மண் எடுத்த இடங்களை வரைபடத்தில் புள்ளிகளாகக் காட்டுவது நல்லது. தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பொறியாளர் டேனி கிரிக், தங்கத்தின் அளவை மதிப்பிடச் செய்த பணியிலிருந்து ‘கிரிகிங்’ என்னும் முறை வளர்ந்தது. இம்முறை மதிப்பீட்டோடு, அதில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதையும் தரும். அந்தப் பிழையைத் தனி வரைபடமாக வரையலாம். இரண்டு வரைபடங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அவர் நிறத்தை நம்பி விதைக்கலாமா, தம் நிலத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துச் சோதிக்க வேண்டுமா என்பது தெரிந்துவிடும்.