வண்ணமும் பெயரும்

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் உள்ள கே.எல். சென்ட்ரல் நிலையம் 2001ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கின் இரயில் தடங்கள் பல அங்குச் சந்திக்கின்றன. நிலையத்திலுள்ள வரைபடத்தை உற்றுநோக்குங்கள். கிள்ளான் துறைமுகத்திற்குச் செல்லும் தடம் சிவப்பு. பத்துமலைக்குச் செல்லும் தடம் நீலம். நிறத்தோடு ஒவ்வொரு தடத்திற்கும் எண்ணும் பெயரும் உண்டு. நிறம் கண்ணில் விரைவாகப் படும். எண்ணும் பெயரும் ஐயத்தைப் போக்கும். சில நிறங்களைப் பிரித்தறிய இயலாதவர்களும் அவற்றின் துணையால் வழி தவறாமல் செல்லலாம்.

மின்னஞ்சலை ஒழுங்குபடுத்தவும் இம்முறை பயன்படுகிறது. பள்ளிக் கழகச் செயலாளர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஆசிரியரின் அறிவிப்பு, போட்டி அழைப்பு, விளம்பரம் என எல்லாம் ஒரே பெட்டியில் வந்து குவிகின்றன. போட்டியின் இறுதி நாளைக் குறிப்பிடும் அஞ்சல் அவற்றுள் மறைந்துவிட்டால், கழகத்தினர் அனைவரும் வாய்ப்பை இழக்க நேரிடும்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் அவுட்லுக் மென்பொருளில், 2007ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் வண்ண வகைகள் இடம்பெற்றுள்ளன. ஒவ்வொரு வகைக்கும் ஒரு பெயரையும் ஒரு நிறத்தையும் நாமே தரலாம். தேர்ந்தெடுக்க 25 நிறங்கள் உள்ளன. ஓர் அஞ்சலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளையும் இடலாம். எடுத்துக்காட்டாக, ஒரே அஞ்சல் ‘கழகம்’, ‘அவசரம்’ ஆகிய இரண்டு வகைகளிலும் இருக்கலாம்.

நூற்றுக்கணக்கான அஞ்சல்களுக்குக் கையால் வகையிடுவது சலிப்பூட்டும் வேலை. அதைச் சிறு நிரல் ஒன்றிடம் ஒப்படைக்கலாம். கணினியில் நிறுவப்படும் வழக்கமான அவுட்லுக்கில், விஷுவல் பேசிக் மொழியில் இத்தகைய நிரலை எழுத முடியும். அது செய்யும் வேலை எளியதே. முதலில் அஞ்சலின் தலைப்பைப் படிக்கும். அடுத்து, ‘இறுதி நாள்’ என்ற சொல் அதில் உள்ளதா என்று பார்க்கும். இருந்தால், ‘அவசரம்’ என்ற வகையை அந்த அஞ்சலில் சேர்க்கும். பின்னர் அடுத்த அஞ்சலுக்குச் செல்லும்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அஞ்சலில் பதிவாவது நிறமன்று; வகையின் பெயரே. எந்தப் பெயருக்கு எந்த நிறம் என்பது தனிப் பட்டியலில் இருக்கும். ஆகவே, பட்டியலில் ‘அவசரம்’ என்பதன் நிறத்தைச் சிவப்பிலிருந்து ஊதாவாக மாற்றினால், அவ்வகை அஞ்சல்கள் எல்லாம் ஊதாவாகத் தோன்றும். பட்டியலிலிருந்து அவ்வகையை நீக்கினாலோ, நிறம் மறைந்துவிடும். பெயர் மட்டும் பழைய அஞ்சல்களில் நிற்கும்.

நிரல் எழுதும்போது மற்றொரு தவறும் நேரக்கூடும். ஓர் அஞ்சலுக்குரிய வகைப் பெயர்கள், பொதுவாக இடையே காற்புள்ளியிட்டு, நிரலில் ஒரே தொடராகக் கையாளப்படுகின்றன. ஏற்கெனவே ‘கழகம்’ என்றிருக்கும் அஞ்சலில் ‘அவசரம்’ என்று மட்டும் எழுதுமாறு கட்டளையிட்டால், பழைய பெயர் அழிந்துவிடும். முதலில் இருப்பதைப் படித்து, அதனுடன் புதியதைச் சேர்க்குமாறு கட்டளையிடுவதே முறையாகும். புதிய நிரலை முதலில் சில அஞ்சல்களில் மட்டும் சோதித்துப் பார்ப்பது நன்று. அறிமுகமில்லாதவர் அனுப்பும் நிரலை ஒருபோதும் இயக்கக்கூடாது. அது கணினிக்குத் தீங்கு விளைவிக்கலாம்.

நிரல் நாம் சொன்னதை மட்டுமே செய்யும். நாம் மனத்தில் எண்ணியதை அது அறியாது. ஆதலால், கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். தேவையான நான்கைந்து வகைகளின் பெயர்களை எழுதுங்கள். எந்த அஞ்சல் எந்த வகையைச் சேரும் என்பதையும் குறியுங்கள். பெயர்கள் தெளிவாக அமைந்த பிறகு நிறங்களைத் தேர்ந்தெடுங்கள்.