ரெண்டு வெப்சைட், ஒரே கஸ்டமர்: உங்க விளம்பரக் காசு எங்கே போகுது?

வியாபாரம் பண்றவங்க நிறைய பேர் கடையைப் பத்திச் சொல்ல ஒரு டொமைன், ஆன்லைன் விற்பனைக்கு வேறொரு டொமைன்னு வச்சிருக்காங்க. சென்னையின் மேட்ரிமோனி.காம் நிறுவனம்கூட தமிழ், தெலுங்குன்னு மொழிக்கு ஒரு டொமைன் வச்சுத்தான் நடத்துது. தப்பே இல்லை. ஆனா கூகுள் அனலிடிக்ஸ்ல இதைச் சரியா இணைக்கலைன்னா கணக்கு தப்பாத்தான் வரும்.

தேனியிலிருந்து ஒருத்தர் ஆரப்பாளையத்துல இறங்கி, டவுன் பஸ் பிடிச்சு மாட்டுத்தாவணி போய், அங்கிருந்து திருச்சி போறார். ரெண்டு ஸ்டாண்ட்லயும் தலை எண்ணினா இவர் ரெண்டு பேர். மாட்டுத்தாவணியில "எங்கிருந்து வர்றீங்க?"ன்னு கேட்டா, "ஆரப்பாளையம்". தேனி கணக்குலயே வராது.

வெப்சைட்லயும் இதேதான். ஒரு டொமைன் போட்ட குக்கியை இன்னொரு டொமைன் படிக்க முடியாது. அதனால கஸ்டமர் புது ஆளாப் பதிவாவார். விற்பனைக்கான பேர் விளம்பரத்துக்குப் போகாம, உங்களோட முதல் வெப்சைட்டுக்கே போயிடும்.

இதுல காசு எங்கே வருது? ஒரு சுங்குடிச் சேலைக் கடைன்னு வச்சுக்குவோம். மாசம் இன்ஸ்டாகிராம் விளம்பரம் ரூ.12,000, கூகுள் விளம்பரம் ரூ.8,000. ஆர்டருக்கு லாபம் ரூ.600. இணைக்காதவரை எந்த விளம்பரம் எத்தனை ஆர்டர் கொடுத்துச்சுன்னே தெரியாது. இணைச்ச பிறகு பார்த்தா இன்ஸ்டாகிராம்ல 8 ஆர்டர், கூகுள்ல 20. அதாவது ஒரு ஆர்டரைப் பிடிக்க இன்ஸ்டாகிராம்ல ரூ.1,500, கூகுள்ல ரூ.400. ஒண்ணுல ஆர்டருக்கு ரூ.900 நஷ்டம், இன்னொண்ணுல ரூ.200 லாபம். கண்ணை மூடிக்கிட்டு ரெண்டையும் நிறுத்தினாலும் தப்பு, ரெண்டையும் ஏத்தினாலும் தப்பு.

இந்தச் செலவு மேல 18% ஜிஎஸ்டியும் உண்டு. பதிவு பண்ணின வியாபாரம்னா, விளம்பரக் கணக்குல உங்க ஜிஎஸ்டி நம்பரைக் கொடுங்க. இல்லைன்னா இன்புட் கிரெடிட் எடுக்கறது சிக்கல், ரூ.20,000 செலவு உண்மையில ரூ.23,600 ஆயிடும்.

இனி செய்ய வேண்டியது:

1. ரெண்டு டொமைன்லயும் ஒரே மெஷர்மென்ட் ஐடி போடுங்க.
2. அட்மின், டேட்டா ஸ்ட்ரீம்ஸ், கான்ஃபிகர் டேக் செட்டிங்ஸ் வழியா 'கான்ஃபிகர் யுவர் டொமைன்ஸ்' போய் ரெண்டு பேரையும் சேருங்க. ஒரே டொமைனோட சப்-டொமைன்னா இது தேவையில்லை.
3. அங்கேயே 'லிஸ்ட் அன்வான்டட் ரெஃபரல்ஸ்'ல பேமென்ட் கேட்வே டொமைனைச் சேருங்க. இல்லைன்னா விற்பனைப் பேர் அதுக்குப் போகும்.
4. இன்ஸ்டாகிராம் விளம்பர லிங்க்ல யூடிஎம் குறியீடு கண்டிப்பா இருக்கணும்.
5. முதல் சைட்லருந்து ரெண்டாவதுக்கு க்ளிக் பண்ணிப் பாருங்க. முகவரியில 'அண்டர்ஸ்கோர் ஜிஎல்'னு ஒரு துண்டு ஒட்டிக்கிட்டு வந்தா இணைப்பு வேலை செய்யுது.

ஒரு எச்சரிக்கை. 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல அபராதம் ரூ.250 கோடி வரை போகலாம். என்ன தகவல் எடுக்கறீங்க, எதுக்குன்னு ரெண்டு சைட்லயும் எளிய தமிழ்ல எழுதி வைங்க. பேர், போன் நம்பரை அனலிடிக்ஸுக்கு அனுப்பவே கூடாது.

மாத்தின தேதியைக் குறிச்சு வைங்க. அதுக்கு முந்தைய கணக்கு தானா திருந்தாது. ஒரு மாசம் ஓடட்டும். அப்புறம் ஆர்டருக்கு ஆன செலவையும் லாபத்தையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பார்த்துட்டு, அடுத்த மாச விளம்பர பட்ஜெட்டைப் போடுங்க.