சங்கத்தில் சேராதவருக்குக் கூடுதல் கட்டணம்: நெடுந்தூரக் குதிரைச் சவாரியில் எது நியாயம்?

பொம்மிடியில் கிளம்பி தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு போனால் ஏறக்குறைய 160 கிலோமீட்டர், அதாவது 100 மைல் வரும். அந்தத் தூரத்தை ஒரே குதிரையில் 24 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். கடந்து முடித்த குதிரை நொண்டாமல், நல்ல நிலையில் நிற்கவும் வேண்டும். எண்டூரன்ஸ் எனப்படும் நெடுந்தூரக் குதிரைச் சவாரியின் உச்சம் இதுதான். 1955-ல் வெண்டல் ராபி கலிஃபோர்னியாவில் தொடங்கிவைத்த டெவிஸ் கோப்பைச் சவாரி இன்றும் இந்த 100 மைல் கணக்கில்தான் நடக்கிறது. நம் பக்கத்துக்கும் இது புதிதல்ல. கேரளத்தின் மலப்புறத்தைச் சேர்ந்த நிதா அஞ்சும் 2023-ல் பிரான்சில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் 120 கிலோமீட்டரை முடித்துக் காட்டினார்.

இந்த விளையாட்டில் ஓயாத சச்சரவு ஒன்று உண்டு. சங்கத்தில் உறுப்பினராக இல்லாதவர் ஓட வந்தால் அவரிடம் மட்டும் கூடுதலாக வாங்குவது சரியா?

அமெரிக்காவில் இந்தச் சவாரிகளை அங்கீகரிப்பது 1972-ல் தோன்றிய அமெரிக்க எண்டூரன்ஸ் ரைடு கான்ஃபரன்ஸ். சவாரியை நடத்துவதோ அந்தந்த ஊர்க்காரர்கள். பாதையில் அடையாளத் துணி கட்டுவது, தண்ணீர்த் தொட்டி வைப்பது, கால்நடை மருத்துவருக்குச் சம்பளம் தருவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. இதற்குத்தான் நுழைவுக் கட்டணம். அதில் தலைக்கு ஒரு சிறு தொகை சங்கத்துக்குப் போகும். உறுப்பினர் அல்லாதவர் இதற்கு மேல் நாளொன்றுக்கு 15 டாலர் கட்டுவது பல ஆண்டுகளாக இருந்துவந்த வழக்கம். அன்றைய பரிசு அவருக்கும் உண்டு. ஆனால் சங்கத்தின் ஆண்டுக் கணக்கில் அவர் ஓடிய மைல்கள் ஏறாது. கூடுதலாகக் கட்டியவருக்குக் குறைவாகக் கிடைக்கிறது என்ற மனக்குறை இங்கேதான் பிறக்கிறது.

சங்கத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. குதிரையின் நாடித்துடிப்பு எத்தனைக்குள் இறங்க வேண்டும், எவ்வளவு நேரத்துக்குள் இறங்க வேண்டும் என்று விதி எழுதியது சங்கம்தான். ஊக்கமருந்துச் சோதனை, பதிவேடு, காப்பீடு இவற்றின் செலவில் ஒரு பங்கை ஆண்டு முழுதும் சந்தா கட்டியவர்கள் சுமக்கிறார்கள். ஒரு நாள் வந்து ஓடிவிட்டுப் போகிறவரும் அந்தப் பாதுகாப்புக்குள்தான் ஓடுகிறார். பிரிட்டனில் அங்கீகாரம் பெற்ற சாலை ஓட்டங்களில் சங்கம் சாராத ஓட்டக்காரர் 2 பவுண்டு அதிகம் தருவதும் இதே கணக்கில்தான்.

பொம்மிடிக்காரருக்கு இதைப் புரியவைக்கக் கூட்டுறவுச் சங்கம் போதும். 1983-ன் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் இணை உறுப்பினர் என்று ஒரு வகை உண்டு. சிறு தொகை கட்டிச் சேர்ந்து கடன் வாங்கலாம். ஓட்டுரிமையும் லாபத்தில் பங்கும் கிடையாது. அதை யாரும் அநியாயம் என்று சொல்வதில்லை. கட்டுகிற காசு எதற்கு, கிடைக்காதது எது என்பது சேரும்போதே தெரிந்துவிடுகிறது. சிவகங்கை, தேனி, தூத்துக்குடிப் பக்கத்து ரேக்ளா குதிரைவண்டிப் பந்தயத்தில் இந்தச் சிக்கலே இல்லை. பெரிய குதிரை, சின்னக் குதிரை என்று பிரிவு உண்டு. உறுப்பினர், வெளியாள் என்ற பிரிவு கிடையாது. நுழைவுக் கட்டணம் கட்டிய வண்டி ஓடும்.

நெடுந்தூரச் சவாரியில் நான் முதலில் பார்ப்பது குதிரையை. சோதனைச் சாவடியில் மருத்துவர் அதன் ஈறை விரலால் அழுத்தி எடுக்கிறார். வெளுத்த இடம் மீண்டும் சிவக்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்கிறார். தோள்பட்டைத் தோலைக் கிள்ளி விடுகிறார். தோல் மெதுவாகப் படிந்தால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது என்று பொருள். விலாவுக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் குடல் ஓசை கேட்கிறார். பிறகு கயிற்றைப் பிடித்து ஓடவிட்டு நொண்டுகிறதா என்று கவனிக்கிறார். குதிரை தொடர்ந்து ஓடத் தகுதியில்லை என்று அவர் முடிவு செய்தால் சவாரி அங்கேயே நின்றுவிடும். இந்தச் சோதனையில் உறுப்பினர் குதிரை, வெளியாள் குதிரை என்ற பேதம் இல்லை. அதற்கான காசும் எல்லோருடைய நுழைவுக் கட்டணத்திலேயே இருக்கிறது. ஆகவே மருத்துவச் செலவைக் காட்டி வெளியாளிடம் தனியாக வாங்குவது பொருந்தாது.

இன்னொன்றும் இருக்கிறது. உறுப்பினர் அல்லாதவர்களில் பலர் முதல்முறை வருகிறவர்கள். குதிரையின் களைப்பை அடையாளம் காண இன்னும் பழகாதவர்கள். மருத்துவர் கண்பார்வை மிகவும் தேவைப்படுவது அவர்களுக்குத்தான். கட்டணத்துக்கு அஞ்சி அவர்கள் மேற்பார்வை இல்லாத ஓட்டங்களுக்குப் போனால் அடிபடுவது குதிரை.

இந்தியாவில் உறுப்பினர் யார் என்பதே நீதிமன்றம் வரை போயிருக்கிறது. தேசிய விளையாட்டு விதித்தொகுப்பு 2011-ன்படி இந்தியக் குதிரையேற்றக் கூட்டமைப்பில் மாநிலச் சங்கங்களுக்கே ஓட்டுரிமை வேண்டும் என்று ராஜஸ்தான் குதிரையேற்றச் சங்கம் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. சேரும் வழி தெளிவாக இல்லாத இடத்தில், சேராததற்குத் தண்டம் வாங்குவதை ஏற்க முடியாது.

காப்பீடு, பதிவேடு, மருந்துச் சோதனை இவற்றின் உண்மைச் செலவு அளவுக்குக் கூடுதல் கட்டணம் வாங்கலாம். அதற்கு மேல் வாங்குவது அநியாயம். தமிழ்நாட்டில் இத்தகைய சவாரி நடத்த முன்வருகிறவர்கள் அந்தக் கணக்கை நுழைவுப் படிவத்திலேயே அச்சிட வேண்டும். அதே ஆண்டில் சங்கத்தில் சேருகிறவருக்கு, கட்டிய கூடுதல் தொகையைச் சந்தாவில் கழித்துக் கொடுக்கவும் வேண்டும்.